உழைப்பின் கூலியும் வங்கிக் கணக்கும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைத்துறைப்பற்றுப் பிரதேசத்தில், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் நந்திக்கடல் களப்பும் அணைகட்ட, இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மண்ணில் அமைந்திருப்பது முள்ளிவாய்க்கால். அப்பெயரைச் செவியுற்ற மாத்திரத்தில் 2009ஆம் ஆண்டு மே மாதமே எவர் நெஞ்சிலும் எழும், அது இயல்பே. எனினும் அந்த மண்ணில் இன்று மக்கள் வாழ்கின்றனர். வைகறையில் வள்ளங்கள் கடலேறுகின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்கின்றனர். மாத முடிவில் ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் தாதிக்கும் சாரதிக்கும் சம்பளம் வங்கியில் வந்து சேர்கிறது. சம்பள நாள் என்பது மகிழ்ச்சியின் நாளாக இருத்தல் வேண்டும். ஆயின் கடனில் ஆழ்ந்த ஒரு குடும்பத்திற்கு அதுவே அச்சத்தின் நாளாகி விடுகிறது. வந்த பணம் கைக்கு எட்டுமா, அன்றி எட்டுமுன்னரே வேறொருவர் அதை எடுத்துக்கொள்வாரா என்ற கேள்வி அக்குடும்பத்தின் அடுப்படிவரை வந்து நிற்கிறது.

கடன்பட்டவர் கடனைத் தீர்க்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. கொடுத்தவருக்குத் தம் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. அவ்வுரிமையை நிறைவேற்றித் தருவது நீதிமன்றத்தின் கடமை. ஆனால் மனிதன் உண்ணவும் உடுக்கவும் நாளைய வேலைக்குச் செல்லவும் வேண்டுவதைக் கூடப் பறித்துவிட்டால், கடனைத் தீர்ப்பதற்கு அவன் உழைப்பது எங்ஙனம்? பால் கறக்க வேண்டிய பசுவுக்குப் புல்லையும் மறுப்பது போன்றதன்றோ அது? ஆகவேதான், உலகெங்கும் கடனை மீட்கும் சட்டங்களோடு, கடனாளியின் பிழைப்பைக் காக்கும் சட்டங்களும் கூடவே வளர்ந்து வந்துள்ளன. அவை யாவை, எதுவரை காக்கும், எங்கே கைவிடும் என்பதை அறிந்திருத்தல் வன்னி மக்களுக்கு மிகவும் இன்றியமையாதது.

வன்னியில் கடன் பெருகியதற்குச் சோம்பலோ வீண் செலவோ காரணமன்று. போரின் முடிவில் வீடும் வள்ளமும் வலையும் மாடும் நகையும் இழந்து, முகாம்களிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மக்கள் வாழ்வை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்தின்கீழ் ஒரு வீட்டிற்கு 550,000 ரூபா நன்கொடையாகக் கிடைத்தது; அது தவணை தவணையாக வழங்கப்பட்டது. மணலும் சீமெந்தும் கூலியும் ஏறிச் சென்ற காலத்தில், கூரையை முடிக்கவும் கதவு பொருத்தவும் பல குடும்பங்கள் கடன் வாங்க நேர்ந்தது. அதே காலத்தில் வங்கிக் கிளைகளும் லீசிங் கொம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வன்னியின் பட்டினங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. முச்சக்கர வண்டியும் உழவு இயந்திரமும் தவணைக்குக் கிடைத்தன. பெண்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று கடன் பெற்றனர். வாரந்தோறும் தவணைப் பணம் கட்ட வேண்டும். கடல் வற்றினாலும் வயல் வறண்டாலும் வாரம் வருவது நிற்பதில்லை.

2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் கொடுப்போருள் சிலர் ஆண்டுக்கு 40 சதவீதம் முதல் 220 சதவீதம் வரை வட்டி வாங்குவதை எடுத்துக்காட்டினார். அவ்வாண்டிலேயே, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன் பெற்றுத் தவணை தவறிய பெண்களுக்கு அரசாங்கம் நிவாரணத் திட்டமொன்றை அறிவித்தது. அந்நிவாரணம் பலருக்கு ஆறுதலளித்தது உண்மையே. ஆயினும் வங்கிக் கடன், லீசிங், வட்டிக் கடன், பிறருக்காக நின்ற பிணை ஆகியவை அத்திட்டத்தின் எல்லைக்கு வெளியிலேயே இருந்தன.

பிறருக்காக நிற்கும் பிணையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கியில் கடன் பெறுவோரிடம் நிலையான சம்பளம் பெறும் இருவரைப் பிணையாளிகளாகக் கொண்டுவரும்படி கேட்பது நாட்டில் நெடுங்கால வழக்கம். நிலப் பத்திரங்களும் சேமிப்புகளும் போரில் அழிந்த வன்னியில், சம்பளப் பட்டியல் ஒன்றே பலரிடம் எஞ்சிய சொத்து. ஆகவே ஓர் ஆசிரியரிடம் அயலவர் வந்து, “சேர், ஒரு கையெழுத்துத்தானே” என்று கேட்கும்போது மறுப்பது எளிதன்று. அந்தக் கையெழுத்து, கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் அவர் இடத்தில் தாமே நின்று கட்டுவதாக அளிக்கப்படும் உறுதி. இலங்கையில் நிலவும் ரோமன் டச்சுச் சட்டம், முதலில் கடன் வாங்கியவரைத் தேடிப் பிடித்த பின்னரே பிணையாளியிடம் வர வேண்டும் என்றும், பிணையாளிகள் இருவராயின் சுமையைப் பங்கிட வேண்டும் என்றும் இரு சலுகைகளை அளிக்கிறது. ஆனால் வங்கிகளின் பிணைப் பத்திரங்களில் அவ்விரு சலுகைகளையும் துறப்பதாகவே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். படியாமல் கையொப்பமிட்டவர் தம் கேடயத்தைத் தாமே கீழே வைத்தவராகிறார். பிணையாளி கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடமிருந்து மீட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆதலின் கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துதல் அவசியம்.

இனி, கடன் கொடுத்தவரின் கை ஒருவருடைய சம்பளத்தை எந்தெந்த வழியாக எட்டுகிறது என்று பார்க்கலாம். வழிகள் மூன்று. மூன்றும் ஒன்றுபோல் தோன்றினும் வெவ்வேறானவை. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு ஆகாது.

முதலாவது, கடனாளியே முன்னர் எழுதிக் கொடுத்த சம்மதம். மாதந்தோறும் சம்பளத்தில் இவ்வளவு கழித்து வங்கிக்கு அனுப்பும்படி தம் காரியாலயத்திற்கோ, சம்பளக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி வங்கிக்கோ அவர் கடிதம் கொடுத்திருப்பார். இங்கே வழக்குமில்லை, தீர்ப்புமில்லை. இரண்டாவது, வங்கியின் எதிரீட்டு உரிமை. ஒரே வங்கியில் ஒருவருக்குச் சேமிப்பும் இருந்து, அதே வங்கிக்கு அவர் கட்ட வேண்டிய கடனும் நிலுவையில் நின்றால், ஒன்றை மற்றொன்றோடு கழித்துக்கொள்ள வங்கி முற்படலாம். இதற்கும் நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. மூன்றாவதே நீதிமன்ற வழி. வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்ற கடன்காரர், நிறைவேற்றுக் கட்டளை பெற்றுப் பிஸ்கால் அதிகாரியின் மூலம் கடனாளியின் சொத்தைக் கைப்பற்றலாம். கடனாளிக்குப் பிறர் கொடுக்க வேண்டிய பணமும் சொத்தே. ஆதலின் அப்பணத்தைக் கடனாளிக்குக் கொடுக்கலாகாது என்று மூன்றாம் ஆளுக்கு எழுத்து மூலம் தடை அறிவித்தல் அனுப்பப்படும். வங்கியில் வைத்த பணம் சட்டத்தின் கண்ணில் வங்கி தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய கடன். ஆகவே அவ்வறிவித்தல் வங்கிக்கும் செல்லலாம்.

நீதிமன்ற வழியில் கடனாளிக்குக் காப்பு உண்டு. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை இன்றும் இலங்கையில் நடைமுறையில் உள்ளது. அதன் 218ஆம் பிரிவு, கைப்பற்றலாகாத பொருள்களை வரிசைப்படுத்துகிறது. கடனாளிக்கும் அவர் மனைவி மக்களுக்கும் வேண்டிய உடைகள், படுக்கைகள், தொழிலுக்குரிய கருவிகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். அவர் உழவராயின் உழவுக் கருவிகளும், பிழைப்புக்கு இன்றியமையாதவை என நீதிமன்றம் கருதும் விலங்குகளும் கைப்பற்றப்படா. தொழிலாளரின் கூலியும், வீட்டு வேலை செய்வோரின் கூலியும், வருங்காலத் தாபரிப்புப் பெறும் உரிமையும் அவ்வாறே காக்கப்படுகின்றன. அரச ஓய்வூதியத்திற்கும் அரச ஊழியர் சம்பளத்திற்கும் அதே பிரிவில் தனி விதிகள் உள்ளன. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சடித்த எழுத்தில் நிற்கும் இக்காப்பை, அதனால் பயன்பெற வேண்டியவருள் எத்தனைபேர் அறிந்திருக்கின்றனர்?

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கடனாளி தாமே ஈடு வைத்த பொருளுக்கும், லீசிங்கில் எடுத்த வாகனத்திற்கும் இக்காப்பு அதே வகையில் கிட்டாது. லீசிங் வாகனம் தவணை முடியும்வரை நிறுவனத்தின் உடைமை. ஆகவே “இது என் தொழிற்கருவி” என்ற வாதம் அங்கே எடுபடுவதில்லை.

அடுத்து வருவது விடயத்தின் உயிர்நாடி. கூலி காக்கப்பட்டது என்று சட்டம் சொல்கிறது. முன்னாளில் கூலி கையிலே கொடுக்கப்பட்டது. மாலையில் அது அரிசியும் மீனும் ஆயிற்று. இன்றோ அது வங்கிக் கணக்கில் விழுகிறது. விழுந்த கணத்தில் அது கூலியாகவே இருக்கிறதா, அன்றி வெறும் வங்கிப் பணமாக மாறிவிடுகிறதா? குளத்தில் விழுந்த மழைநீரைப் பார்த்து, இது எந்த முகிலிலிருந்து வந்தது என்று கேட்பது போன்றது இக்கேள்வி. பல நாடுகளின் சட்டங்கள் இதில் தடுமாறியிருக்கின்றன.

இந்தியாவை எடுத்துக்கொள்வோர் இரண்டு பாடங்களைப் பெறலாம். அங்கே 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 60ஆம் பிரிவின்படி, சாதாரணக் கடனுக்கான தீர்ப்பில், சம்பளத்தின் முதல் 1,000 ரூபாவும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் கைப்பற்றலாகாதவை. மாதம் 40,000 ரூபா சம்பளம் பெறுபவருக்கு முதலில் 1,000 ரூபா ஒதுக்கப்படும். மிஞ்சிய 39,000 ரூபாவில் 26,000 ரூபாவும் அவருக்கே. ஆகமொத்தம் 27,000 ரூபா காக்கப்பட, 13,000 ரூபாவே கடனுக்குச் செல்லும். அதுவும் ஒரே தீர்ப்பின்கீழ் மொத்தம் 24 மாதங்களுக்குப் பிடித்த பின், அத்தீர்ப்புக்காக அச்சம்பளத்தை மேலும் தொடமுடியாது. ஜீவனாம்சத் தீர்ப்புக்கு வேறு கணக்கு. அங்கே மூன்றில் ஒரு பங்கே காக்கப்படும். கடன்காரரின் உரிமைக்கும் மனைவி மக்களின் பசிக்கும் சட்டம் ஒரே தராசை வைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது பாடம் ஒரு வழக்கிலிருந்து கிடைப்பது. ராதேஷியாம் குப்தாவுக்கும் பஞ்சாப் நேஷனல் வங்கிக்கும் இடையிலான வழக்கில், 2008ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஓய்வுபெற்ற ஒருவரின் ஓய்வூதியப் பணமும் பணிக்கொடையும் நிரந்தர வைப்பாக வங்கியில் இடப்பட்டிருந்தன. வைப்பாக மாறியதனால் அப்பணம் தன் இயல்பை இழந்துவிடவில்லை, அதற்குரிய காப்பும் அகலவில்லை என்று அந்நீதிமன்றம் கூறிற்று. பணம் எங்கே கிடக்கிறது என்பதைவிட, எங்கிருந்து வந்தது என்பதே முக்கியம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. இந்தியத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் இதே கேள்வி எழும்போது சட்டத்தரணிகள் எடுத்துக்காட்டக்கூடிய நல்ல வழிகாட்டி அது.

வன்னிக் குடும்பங்களின் உறவினர் வாழும் வேறு நாடுகளிலும் இக்கேள்விக்கு விடை தேடப்பட்டுள்ளது. ஜெர்மனியில் 2010 ஜூலை முதலாம் திகதியிலிருந்து, எவரும் தம் வங்கிக் கணக்கைக் கைப்பற்றலுக்கெதிரான காப்புக் கணக்காக மாற்றும்படி கேட்கலாம். மாதந்தோறும் வாழ்வுக்கு வேண்டிய ஒரு தொகை அக்கணக்கில் தானாகவே காக்கப்படும். பிரான்சில், கணக்குக் கைப்பற்றப்பட்டாலும், தனி ஒருவருக்கு அரசு அளிக்கும் அடிப்படை உதவித் தொகைக்குச் சமமான பணத்தை வங்கி அவருக்கு விட்டுவைத்தல் வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சாதாரணக் கடனுக்காகக் கையில் வரும் சம்பளத்தில் 20 சதவீதத்திற்கு மேல் பிடிக்கலாகாது. 3,000 டொலர் பெறுபவரிடம் 600 டொலரே எடுக்கலாம். இங்கிலாந்திலோ, சம்பளத்தில் பிடிக்க நீதிமன்றம் கட்டளையிடும்போது, அதற்குக் கீழே செல்லக்கூடாத ஒரு வருமான எல்லையையும் அதே கட்டளையில் குறிக்கிறது.

இலங்கையில் ஜெர்மனியிலுள்ளது போன்ற காப்புக் கணக்கு என்பது இல்லை. ஆகவே இங்கே காப்பு தானாக வந்து வாயிலில் நிற்பதில்லை. கடனாளியே எழுந்து அதைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தை ஆயத்தம் செய்வதே வங்கிக் கணக்கைக் காக்கும் முதற் பணி.

அது எவ்வாறு? சம்பளம் அல்லது கூலி மட்டுமே வரும் கணக்கு ஒன்றைத் தனியே வைத்திருப்பது நன்று. வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பும் பணம், சீட்டுப் பணம், கடை வியாபாரத்தின் பணம் ஆகியவற்றை அதே கணக்கில் கலந்தால், எது கூலி, எது மற்றது என்று பின்னர் பிரித்துக் காட்டுதல் அரிது. கலவாத கணக்கின் வங்கிப் புத்தகம் தானே சாட்சி சொல்லும். சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கி வைத்தல் வேண்டும். கடன் உள்ள வங்கியிலேயே சம்பளக் கணக்கையும் வைத்திருப்பவர், எதிரீட்டு உரிமையை நினைவிற் கொள்ள வேண்டும். சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றுவது பொதுவில் குற்றமன்று. ஆனால் கடன் ஒப்பந்தத்தில் அக்கணக்கை மாற்றுவதில்லை என்று உறுதி கொடுத்திருந்தால், மாற்றுமுன் சட்டத்தரணி ஒருவரைக் கேட்டறிதல் விவேகம். கூட்டுக் கணக்கும் ஆபத்தானதே. கணவரின் கடனுக்கு மனைவியின் உழைப்புப் பணம் சிக்கிக்கொள்ளாதிருக்க, அவரவர் உழைப்பை அவரவர் பெயரில் வைத்தல் நலம்.

நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அதை அலுமாரியில் ஒளித்துவைப்பது பெரும் பிழை. வராதவருக்கு எதிராக ஒருதலையாகத் தீர்ப்பு வழங்கப்படும். அத்தகைய தீர்ப்பு கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாள்களுக்குள், வராமைக்கு நியாயமான காரணங் காட்டி அதை நீக்கும்படி விண்ணப்பிக்கலாம். அந்த நாள்கள் கடந்தால் கதவு மூடப்படும். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் மீட்புச் சட்டத்தின்கீழ் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தொடுக்கும் வழக்கில் நிலைமை இன்னும் கடினமானது. அங்கே நீதிமன்றம் முதலிலேயே ஒரு நிபந்தனைத் தீர்ப்பை வழங்கிவிடும். கடனாளி எதிர்வாதம் புரியவே நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். ஆகவே கடிதம் கிடைத்த அன்றே செயற்படுதல் வேண்டும்.

நீதிமன்றத்தில் தோன்றிய கடனாளி கேட்கக்கூடியவை பல. தொகையைத் தவணையாகக் கட்ட அனுமதிக்கும்படி கேட்கலாம். பணத் தீர்ப்பில் தவணைக்கு இடமளிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. கைப்பற்றப்பட்டது கூலிப் பணம் என்று வங்கிப் புத்தகத்தையும் சம்பளச் சீட்டையும் காட்டி விடுவிக்கக் கேட்கலாம். கணக்கே பிழையென்றால் அதையும் கூறலாம். தனியாரிடம் வட்டிக்கு வாங்கியவர்கள், 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொதுவாக வகுத்த ஓர் எல்லையை அறிந்திருத்தல் நன்று: நிலுவை வட்டியாக மீட்கும் தொகை முதலை விஞ்சலாகாது. 50,000 ரூபா கொடுத்தவர் வட்டிக்கென 2 லட்சம் கேட்டு வழக்காடுவது அவ்வெல்லையை மீறுவதாகும். எழுத்திலான கடனுக்கு 6 ஆண்டுகளும், எழுத்தில்லாத கடனுக்கு 3 ஆண்டுகளும் பொதுவான காலவரையறையாக 1871ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. ஆனால் இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ, கடனை ஏற்றுக் கையொப்பமிட்டாலோ அக்காலம் புதிதாக எண்ணத் தொடங்கிவிடும்.

“பொலிஸில் பிடித்துக் கொடுப்போம், சிறைக்குப் போவாய்” என்று வாசலில் நின்று மிரட்டுவோரும் உளர். ஒப்பந்தக் கடனைக் கட்ட இயலாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு எவரையும் சிறையிடலாகாது என்பது, 1966ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை. இலங்கை அதில் 1980ஆம் ஆண்டு இணைந்தது. வறுமை குற்றமன்று. ஆனால் காசோலை வேறு. கணக்கில் பணமில்லை என அறிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் அதே கடன் மீட்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். ஆதலின் தொகையும் திகதியும் எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுப்பது, தூண்டிலைத் தானே விழுங்குவதற்கு ஒப்பாகும். வெற்றுப் புரோநோட்டும் அத்தகையதே. வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் வட்டிக்காரரிடம் அடகாக ஒப்படைப்பதோ இவை யாவற்றிலும் கொடியது. சட்டம் காத்த கூலியைச் சம்பள நாளன்றே மற்றொருவர் இயந்திரத்திலிருந்து எடுத்துச் செல்ல, குடும்பம் அவரிடமே அடுத்த கடனுக்குக் கையேந்தும். அட்டையை அவ்விதம் கொடுத்தவர் வங்கிக்கு அறிவித்து அதனை நிறுத்திப் புதிதொன்றைப் பெறுதல் வேண்டும்.

காப்பது வேறு, ஒளிப்பது வேறு. தீர்ப்பு வருமென அறிந்து காணியை மைத்துனர் பெயருக்கு எழுதுவதும், சேமிப்பைப் பிறர் கணக்கிற்கு மாற்றுவதும் கடன்காரரை ஏமாற்றும் செயல்கள். அவ்வாறு செய்த மாற்றங்களை நீக்கும்படி கடன்காரர் வழக்கிட ரோமன் டச்சுச் சட்டம் வழிவிடுகிறது. தீர்ப்புக்குப் பின் கடனாளியை நீதிமன்றத்தில் நிறுத்தி, அவர் சொத்துகள் யாவை என்று சத்தியத்தின்மேல் விசாரிக்கவும் முடியும். அங்கே பொய்யுரைத்தவர் கடனோடு மானத்தையும் இழப்பர். தம்முடையதைத் தம்முடையது என்று ஒப்புக்கொண்டு, இதில் இவ்வளவு என் குழந்தைகளின் உணவு என்று கணக்குக் காட்டுபவரின் சொல்லுக்கே நீதிமன்றத்தில் மதிப்புண்டு.

எல்லாவற்றுக்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள், மக்கள் வழக்கில் இணக்க சபைகள், ஊருக்கு அருகிலேயே கூடுகின்றன. குறித்த எல்லைக்குட்பட்ட பணத் தகராறுகள், சட்டம் விலக்கியவை தவிர, வழக்குக்கு முன் அங்கே செல்ல வேண்டும். இருதரப்பும் இணங்கினால் தவணை ஒழுங்கு எழுதப்படும். இணக்கம் இல்லையேல் எவரும் வற்புறுத்தப்படார். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றவர்களுக்கு, 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது. வங்கியோ நிதி நிறுவனமோ முறைதவறிப் பணம் எடுத்ததென்று கருதுபவர், முதலில் அந்நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட வேண்டும். பதில் திருப்தி தராவிடின் நிதி ஒம்புட்ஸ்மனையோ, மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தையோ நாடலாம். வாயாற் சொன்னது காற்றோடு போகும்; எழுதிக் கொடுத்துப் பிரதி வைத்திருப்பதே கைகொடுக்கும்.

ஓர் உதாரணத்தால் இவற்றைத் தொகுத்துக் காணலாம். முள்ளிவாய்க்காலில் ஓர் ஆசிரியை இருக்கிறார் என்று கொள்வோம். அயலவர் ஒருவருக்குப் பிணை நின்றார். அயலவர் ஊரைவிட்டுச் சென்றுவிட்டார். தவணை நிலுவையாயிற்று. வங்கியின் கடிதம் வந்த நாளில் அவர் செய்யக்கூடியது என்ன? அழுது அடங்கிய பின், பிணைப் பத்திரத்தின் பிரதியையும் கடன் கணக்கின் விவரத்தையும் எழுத்தில் கேட்கலாம். எவ்வளவு முதல், எவ்வளவு வட்டி, எவ்வளவு தண்டம் என்று பிரித்துக் காணலாம். மற்றப் பிணையாளியையும் அழைத்துக்கொண்டு முகாமையாளரிடம் சென்று, தம்மால் மாதந்தோறும் உண்மையாகவே கட்டக்கூடிய தொகையைக் கூறி, தண்ட வட்டியைக் குறைக்கக் கேட்கலாம். இணக்கம் ஏற்பட்டால் அதை எழுத்தில் பெறலாம். ஏற்படாது வழக்கு வந்தால், முதல் நாளிலேயே தோன்றித் தவணை கேட்கலாம். மூன்று வழிகளில் எந்த வழியால் தம் சம்பளம் தொடப்படுகிறது என்பதை அறிந்தவருக்கு, எந்தக் கதவில் நின்று பேச வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். அவர் கடன் ஒரே நாளில் மறையாது. ஆனால் மாத முதல் வாரத்தில் அடுப்பு எரியும். பிள்ளையின் பஸ் காசு கையிலிருக்கும். அவர் மறுநாளும் வகுப்பறைக்குச் செல்வார்.

சட்டத்தை இயற்றுவோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கூலி கையில் கொடுக்கப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட காப்பை, கூலி வங்கியில் விழும் காலத்திற்கு ஏற்பத் திருத்துதல் வேண்டும். கணக்கில் வாழ்வுக்கு வேண்டிய ஒரு தொகை எவராலும் தொடப்படாது நிற்கும் என்று ஒரு விதி வருமானால், அதனால் கடன்காரருக்கு நட்டமில்லை. உழைக்கும் வலு உள்ளவரிடமிருந்தே கடன் திரும்பி வரும். அவ்விதி வரும்வரை, கூலியை வேறாக வைத்தலும், சீட்டுகளைச் சேர்த்து வைத்தலும், படியாமல் கையொப்பமிடாமையும், அழைப்பாணைக்கு அஞ்சி ஒளியாமையும் ஆகிய நான்குமே ஏழைக் குடும்பத்தின் காவல்கள். எல்லாவற்றையும் இழந்து மீண்டும் கட்டியெழுப்பிய மக்களுக்கு, கட்டியதைக் காக்கும் அறிவு கைவராத ஒன்றன்று.